இடதுகைக்கு ஒரு நிப்

காளிகாட்டில் பழைய சாமான்காரரிடம் கிடைத்த மைப்பேனா அது. உள்ளே மை நிற்கும் ரப்பர் பையை மாற்றி, நிப்பை என் தோழி எழுதும் சாய்வுக்குத் தேய்த்து அவளுக்குக் கொடுத்திருந்தேன். அவள் மேலிருந்த ஆசையை மட்டும் சொல்லவில்லை. போன வாரம் அதே பேனாவோடு வந்தாள்.

"இடதுகைக்கு ஏத்த மாதிரி தேய்ச்சுக் குடேன்."

"நீ வலதுகைதானே?"

"எனக்கில்லடா, அவருக்கு. தை மாசம் கல்யாணம். நிப்பைக் கெடுத்தேன்னா பந்தியில உனக்குப் பாயசம் கிடையாது."

தேய்த்தேன். அந்தக் கையாலேயே எழுதிப் பார்த்தால்தான் கீறுகிறதா என்று தெரியும். இடதுகையில் பிடித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவன் நான்; அன்று எனக்கே எழுத்து கோணியது. அவள் பெயரைத் தவிர என்னென்னவோ எழுதினேன்.

"கீறுதா?"

"இல்ல. அவருக்கு நல்லா ஓடும்."