மணிக்கோபுரத்து இணையமும் என் வெள்ளித் தோரணமும்

கற்பிட்டிப் பக்கம் லாப்டொப்போடு போகலாமா, அங்கே இணையம் கிடைக்குமா என்று இந்த வலைப்பதிவில் அடிக்கடி கேட்கிறீர்கள். போகலாம், கிடைக்கும். ஆனால் போன ஜூன் மாதம் நான் போன அன்று கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நானேதான். மானம் போனாலும் பரவாயில்லை, உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

போனது என் தங்கை டிலானிக்காக. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், நாலு வருடத்துக்கு முன் அந்தக் கரையில் ஒரு மீனவ ஊருக்குக் கலியாணம் முடித்துப் போனாள். (ஊரின் பெயரைப் போடவேண்டாம் என்று கட்டளை.) தமிழும் சிங்களமும் அவளுக்கு ஒன்றுபோல வரும். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு நிறுவனம், சிங்களம் தெரியாத நோயாளிக்கும் டொக்டருக்கும் இடையில் வீடியோவில் மொழிபெயர்க்க ஆள் கொடுக்கிறது. அவளை எடுக்க அவர்களுக்கு விருப்பம். ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு உண்மையான டொக்டரோடும் நோயாளியோடும் நடக்கும் முக்கால் மணித்தியாலப் பரீட்சை அழைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகக்கூடாது. அறுந்தால் கொழும்புக்கு வந்துதான் வேலை செய்யவேண்டும். அதாவது அவள் எங்கள் வீட்டு மேல் அறையில், அவளுடைய புருஷன் கடலில்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மேல் அறை யோசனை பிடித்திருந்தது. அம்மா போனபின் வீடு பெரிதாகிவிட்டது. அறையைக் கூட்டித் துடைத்து, கட்டிலுக்குப் புது நுளம்பு வலையும் கட்டிவைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். அதே நேரம் அவளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ச்சையும் வைத்திருந்தேன். அவளுடைய ஊர்க் கோயிலில் திருநாள் கொடியேறியிருந்தது. நேர்ச்சைக்கென்று புறக்கோட்டையில் முப்பது மீற்றர் வெள்ளித் தாள் தோரணம் வாங்கிப் பையில் திணித்தேன்.

காலை 5.40க்குக் கோட்டையில் புத்தளம் ஏசி பஸ், 950 ரூபா. "இடது பக்கம் இருக்காதீர்கள், சிலாபம் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில்தான் வெயில் இல்லை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வலப்பக்கம் இருந்து வெந்தேன். காலையில் வடக்கே போகும் பஸ்ஸில் வெயில் வலப்பக்கம்தான் வரும், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். 125 கிலோமீற்றரில் பாலாவிச் சந்தி, 9.20. அங்கே இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், 120 ரூபா. கடைசி நாலு கிலோமீற்றர் த்ரீவீலில், 500 ரூபா.

"எங்க அக்கா, வைஃபை கோயிலுக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"அந்தோனியார் கோயிலுக்கு."

"ஓம், அதான் வைஃபை கோயில்."

பைபர் கேபிள் ஏழு கிலோமீற்றருக்கு அப்பால் கற்பிட்டி வீதியில் ஒரு சந்தியோடு நின்றுவிட்டது. நாற்பது வீட்டுக்காக அதற்கு மேல் இழுக்க யாரும் வரவில்லை, போன் சிக்னலும் பேசுவதற்கு மட்டும்தான். வெள்ளவத்தையில் கடைகளுக்குக் கமரா பூட்டும் ரிஸ்வான் என்பவர் கடலில் குளிக்க வந்த இடத்தில் இதைக் கேள்விப்பட்டு, சந்தியில் ஒரு டிஷ், கோயில் மணிக்கோபுரத்தில் ஒரு டிஷ் என்று நேருக்கு நேராகப் பூட்டிக் கொடுத்தார். கோபுரத்திலிருந்து வீடுகளுக்குப் போகிறது. இப்போது வள்ளம் இறக்கமுன் காற்று எப்படி என்று பார்ப்பதும் கொழும்பில் மீன் விலை பார்ப்பதும் கோயில் மதிலோரமாக நின்றுதான்.

10.30க்கு டிலானி வாசலில் நின்றாள். ஒரு வாரமாக நித்திரை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுடைய மாமனார் பெனடிக்ட்தான் கோயில் மூப்பர், பூசைக்கு மணி அடிப்பதிலிருந்து திருநாள் நடத்துவதுவரை அவர் பொறுப்பு. தோரணத்தைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். தானே ஏணியில் ஏறி, கோபுரத்திலிருந்து கொடிமரம்வரை கட்டிவிட்டார். வெயிலில் பளபளவென்று மின்னியது. நான் நாலு கோணத்தில் படம் எடுத்தேன். 11.30க்கு டிலானி வேகம் பார்த்தாள், படம் தெளிவு, குரல் தெளிவு. நிம்மதியாக மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடற்காற்று எழும்பியது. ஒரு மணிக்கு இணையம் போயிற்று. பிறகு வந்தது, திரும்பப் போயிற்று. டிலானி ரௌட்டரை நாலு தரம் நிறுத்திப் போட்டாள். "அக்கா, ஏலாது போல" என்றாள். நான் மூப்பரிடம் இலக்கம் வாங்கிச் சாதாரண அழைப்பில் ரிஸ்வானைப் பிடித்தேன்.

"காலையில நல்லா இருந்திச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தது."

"அப்ப டிஷ் தட்டுக்கு முன்னால ஏதாச்சும் புதுசா ஈக்குதா பாருங்க. தகரம், கம்பி, மினுங்குற சாமான் ஏதாச்சும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். காற்று வீசும்போதெல்லாம் என் முப்பது மீற்றர் நேர்ச்சை டிஷ்ஷுக்கு முன்னால் போய்ப் படபடத்தது. காற்று தணிந்தால் விலகியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்கள், எங்களுக்கு அந்தோனியார். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவருக்கு நான் கொடுத்த வேலையைப் பாருங்கள்.

"மாமா, அதைக் கழட்டுங்கோ" என்றேன்.

மூப்பரின் முகம் மாறியது. "மகள், திருநாளுக்குக் கட்டினத கொடியிறக்கத்துக்கு முன்ன கழட்டுறதில்ல. எங்கட அப்பன் காலத்திலயும் கழட்டினதில்ல."

"மாமா, வேலை போயிரும்" என்றாள் டிலானி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவர் கோபுரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், சேர்ட் கையை மடித்தார். "கழட்ட வேணாம். பக்கம் மாத்துவம்."

டிஷ் பார்ப்பது களப்புப் பக்கம், அதாவது கடலுக்கு எதிர்ப்புறம். தோரணத்தைக் கோபுரத்திலேயே விட்டு, மற்ற நுனியைக் கொடிமரத்திலிருந்து அவிழ்த்துக் கடல் பக்கத்துத் தென்னையில் கட்டுவதென்று முடிவு. கயிறு இரண்டு முழம் போதவில்லை. நேரம் 1.50. வேறு கயிறு தேட அவகாசமில்லை. நானும் அவரும் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தென்னையடியில் நின்றோம். 1.55க்கு உள்ளேயிருந்து டிலானியின் குரல், "வந்திட்டு, பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

நின்றோம். ஜூன் மாதக் காற்றில் முப்பது மீற்றர் தோரணம் இழுக்கிற இழுவை கொஞ்சமல்ல. 2.20 அளவில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. கயிற்றை விட்டால் அது காற்றோடு சுற்றி டிஷ்ஷுக்கு முன்னால் போகும், தங்கை என்னோடு கொட்டாஞ்சேனைக்கு வருவாள், அந்த நினைப்பு ஒரு கணம் வந்து போனது. யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"நோகுதா மகள்?" என்று கேட்டார் மூப்பர்.

"இல்ல மாமா."

"எனக்கு நோகுது" என்றார்.

2.50க்கு டிலானி வெளியே வந்தாள். நோயாளி பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாதாம், சொல்லவில்லை. முடிவில் டொக்டர் சிங்களத்தில் கேட்டதை மட்டும் சொன்னாள்.

"நீங்க எத்தினையாம் மாடியில இருக்கிறீங்க, கீழ வந்து இந்தப் போர்மையும் வாசிச்சுக் காட்ட ஏலுமா எண்டு கேட்டார் அக்கா."

தன்னுடைய ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறாள் என்று நினைத்துவிட்டாராம். நான் அந்த மணலிலேயே இருந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூப்பர் கயிற்றை விடவே இல்லை. அழைப்பு முடிந்தது என்று இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. பின்னேரம் அவரே நீளக் கயிறு தேடி வந்து தென்னையில் இறுக்கிக் கட்டினார். தோரணம் கொடியிறக்கம்வரை அங்கேதான் இருந்ததாம்.

போகிறவர்களுக்கு: பாலாவிக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், நாலரைக்கு முன் வீதிக்கு வந்துவிடுங்கள். முக்கியமான வீடியோ அழைப்பு இருந்தால் காலையில் சரிபார்த்தது போதாது, காற்று எழும்பியபின் இன்னொருமுறை பாருங்கள். கிராமத்து இணையம் பெரும்பாலும் யாரோ ஒருவர் உயரத்தில் ஏறிப் பூட்டியது, ஆகவே எதையும் கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். திருநாளுக்கு அலங்காரம் கொண்டுபோவதானால் துணித் தோரணமாகக் கொண்டுபோங்கள்.

வேலை உறுதியென்று அடுத்த செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அதை வாசித்துவிட்டு மேல் அறைக்குப் போய் நுளம்பு வலையைக் கழற்றி மடித்து வைத்தேன். கயிறு வெட்டிய உள்ளங்கை அப்போதும் முழுதாக ஆறியிருக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது.