கைக்குட்டை போட்ட இடம்

மாரிக்குப்பத்தில் பெங்களூர் போகும் காலை ரயிலில் ஏறியதும் என் முதல் வேலை இடம் பிடிப்பது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிடுவேன். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் தோழிக்காக.

அன்று மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு சின்ன வெளியீட்டில், சம்பளமில்லாமல் ஆசைக்காக நான் பராமரிக்கும் நெட்வொர்க் சேவை ஒன்று இருக்கிறது. புதிய பதிப்பில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அது மட்டும் எழுந்திருக்க மறுத்தது. அன்று காலை பத்து மணிக்குள் சரிசெய்யாவிட்டால் வெளியீட்டின் பட்டியலிலிருந்து அதைத் தூக்கிவிடுவோம் என்று அதை நடத்தும் குழுவில் சொல்லிவிட்டார்கள். தூக்கியிருந்தால் அழுதிருப்பேன்.

பிழைச் செய்தி ஒரே வரிதான்: அந்த போர்ட்டில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள். போர்ட் என்பது சேவை உட்காரும் இட எண். ஒரு எண்ணில் ஒருவர்தான். குழுவில் நெட்வொர்க் பகுதியைப் பார்ப்பவர்தான் எதையோ அங்கே உட்காரவைத்துவிட்டார் என்று ஒரு வாரமாக அவரை வறுத்தெடுத்தேன். "உங்கள் பக்கமும் ஒருமுறை பாருங்கள்" என்று பொறுமையாக எழுதினார். நான் பார்க்கவில்லை. ரோஷம்.

கோரமண்டல் போயிற்று, தோழி ஏறவில்லை. பங்காருப்பேட்டையில் கூட்டம் நெருக்கியது. கையில் பையோடு ஒரு அம்மா கைக்குட்டையைப் பார்த்தார்.

"இங்க யாருமா?"

"ஆள் வராங்கக்கா."

"பங்காருப்பேட்டையே தாண்டிடுச்சி, இனிமே எங்கருந்து வராங்க? ஆளே இல்லாம கர்ச்சீப்பு குந்திக்கினு கீது, நான் நின்னுக்கினு கீறேன்."

தோழி லீவு என்று முந்தின நாளே சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. வெட்கத்தோடு கைக்குட்டையை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது.

என் சேவை மெதுவாக எழுகிறதே, அதற்குள் வேறு எதுவும் போர்ட்டைப் பிடித்துவிடக் கூடாதே என்று, போன வருடம் ஒரு குட்டி புரோகிராமை அங்கே உட்காரவைத்தது நானேதான். சேவை வந்ததும் அதை இடத்தைவிட்டு எழுப்பிவிட ஒரு வரி எழுதியிருந்தேன். புதிய பதிப்பில் அந்த வரியை, வேண்டாத பழைய குப்பை என்று அழித்ததும் நானேதான்.

குட்டியை நீக்கினேன். சேவை சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது. திருத்தத்தை அனுப்ப ஐந்து நிமிடம். "தப்பு என்னுடையது, உங்களைத் திட்டியதற்கு மன்னியுங்கள்" என்று எழுத ஒயிட்ஃபீல்ட் ஸ்டேஷன் வரை ஆயிற்று. பக்கத்து அம்மா அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தார்.

பட்டியலில் இடம் தப்பியது. குழுவை நடத்துபவர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "நேற்றே தூக்கியிருப்போம். ஒரு நாள் இடம் வைத்திருங்கள் என்று கேட்டது நீங்கள் திட்டிய அவர்தான்."

கைக்குட்டை அன்று முகம் துடைக்கத்தான் பயன்பட்டது.