இரண்டு பெட்டி, ஒரு படகு

சேவியர் காலமானார்.

சில நண்பர்கள் புதன்கிழமை என்று பதிவிட்டிருக்கிறார்கள். தவறு. செவ்வாய்க்கிழமை மாலை, விளக்கு வைப்பதற்குச் சற்று முன்பு. நேற்று, வியாழக்கிழமை, படப்பையில் அடக்கம் முடிந்தது.

ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் தரக் கட்டுப்பாட்டில். அவர், இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் ஷாப்பில். அந்த இரைச்சலில் பல வருடங்கள் நின்றதில் அவருக்கு இடது காது கேட்காமல் போயிற்று.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வைக்கிற மலையும் வானமும் எங்கள் பக்கத்து மாதா கோயிலில் அவர் வரைந்தவைதான்.

ஓய்வு பெற்ற பிறகு, அவர் வீட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. அளவுகளும் ஒயரிங்கும் என் பொறுப்பு. பிளைவுட் அறுப்பதும் வண்ணமும் அவர் பொறுப்பு. பெட்டிக்குள் ஓசை எதிரொலிக்காமல் இருக்க, ஒரு தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை அடைத்தோம். அவர் மனைவி லில்லி அம்மா அந்தத் தலையணையை எங்களிடம் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தது 2019 ஆகஸ்ட் 11, ஞாயிறு. இரண்டு பெட்டியின் அடியிலும் அதை எழுதி வைத்தேன்.

"தேதி போட்டாத்தான் பாடுமா சார்?" என்றார் சேவியர்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பெட்டிகளின் முகப்பில் அவர் செம்பரம்பாக்கம் ஏரியை வரைந்திருந்தார். இடப் பெட்டியில் கரை. வலப் பெட்டியில் நாரைகள். நடுவில் ஒரு மீன்பிடிப் படகு... முன்பாதி ஒரு பெட்டியில், பின்பாதி மற்றதில்.

பாட்டு இடமும் வலமுமாக விரிந்து கேட்க, பெட்டிகளுக்கு நடுவே ஆறடி இடைவெளி வேண்டும். படகு பொருந்த, இடைவெளியே கூடாது.

நான் போகும்போதெல்லாம் தள்ளி வைப்பேன். அடுத்த முறை போனால் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே ஒரு முக்காலியைக்கூடப் போட்டுப் பார்த்தேன். மறுவாரம் அந்த முக்காலியை என் பக்கம் இழுத்து, அதன்மேல் காபி வைத்தார். பெட்டிகள் ஒட்டியே இருந்தன.

ஒருநாள் சற்றுக் கோபமாகவே கேட்டேன், இவ்வளவு அளவெடுத்துச் செய்தது எதற்காக என்று.

"எனக்கு ஒரு காதுதான் சார். நீங்க எங்க வெச்சாலும் ஒண்ணுதான். கண்ணு ரெண்டும் நல்லா கீது. படகு ஒடைஞ்சி கெடந்தா எப்பிடி சார் பாட்டு கேக்கறது?"

ஆறடி என்றேன்.

உள்ளேயிருந்து லில்லி அம்மா, ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் வீடாவது காலியாகும் என்றார். அதன் பிறகும் இது நிற்கவில்லை. நான் தள்ளுவதும் அவர் சேர்ப்பதுமாக, கடைசியாக நான் போன ஞாயிறு வரைக்கும்.

நேற்றுக் காலை அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவரோரம் அந்த ஸ்பீக்கர்கள். தாழ்ந்த ஒலியில் ஜெபப் பாடல்கள்.

பெட்டிகள் தள்ளித் தள்ளி இருந்தன.

நான் பார்ப்பதை லில்லி அம்மா கவனித்துவிட்டார்.

"சார் வருவீங்கன்னு காலைலயே நான்தான் தள்ளி வெச்சேன். அளவு சரியா கீதா, பாத்துக்குங்க. இன்னிக்கு அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அளவு சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பாடல் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு பெட்டியாக, ஒயர் இழுபடாமல், நடுவுக்கு நகர்த்தினேன். விளிம்போடு விளிம்பு. லில்லி அம்மா முந்தானையால் பெட்டிகளின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

அடுத்த பாடல் கொஞ்சம் குறுகலாகத்தான் கேட்டது.

சென்று வாருங்கள், சேவியர். படகு முழுதாக இருக்கிறது.