சித்திரபுரத்துச் சர்வரும் நான் சொன்ன வீண்பழியும்

ஜெபமணி சிஸ்டர் மேல் நான் வீண்பழி சுமத்தினேன். சித்திரபுரம் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கான சிறு மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர் அவர். அங்குள்ள கம்ப்யூட்டர் சர்வரின் வயரை அவர் பிடுங்கிவிட்டார் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன். குழு அன்றே அவரிடமிருந்து சர்வர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டது.

அந்தச் சர்வரை ஏழு வருடமாகக் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சென்ற திங்கள் காலை அதன் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். முடிந்ததும் இங்கிருந்து உள்ளே நுழைய முடியவில்லை. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றது திரை. நான் நுழைந்து தொடங்கிவைத்தால்தான் மருந்துப் பட்டியல் திறக்கும். யாருக்கு எந்தச் சர்க்கரை மாத்திரை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

போன் செய்தேன். "ஏனுங்க சிஸ்டர், வயரு எதையாச்சும் புடுங்கிப்போட்டீங்களா?"

"நான் தொடவே இல்லய்யா. பச்ச லைட்டு மின்னிக்கிட்டுதான் இருக்கு."

"லைட்டு எரிஞ்சா ஆச்சுங்களா? எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

போனை வைத்த கையோடு குழுவுக்கு எழுதினேன். வியாழன் காலை 5.20க்குப் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி 6.15, உடுமலை 7.20. அங்கிருந்து மூணாறு ஏறக்குறைய 85 கிலோமீட்டர், 7.45 பஸ்ஸைப் பிடித்தால் 11.30க்கு இறங்கலாம். இடப்பக்க ஜன்னல் கேட்காதீர்கள், வெயில் அடிக்கும். சின்னாறு வனச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் தேடினார்கள். என் பையில் இருந்தது பழைய கீபோர்டு. மூணாறிலிருந்து ஆட்டோவுக்கு 400 ரூபாய். வழியில் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வயரு மாட்டவா இம்புட்டுத் தூரம் வர்றீய? போன்ல சொன்னா அவுகளே மாட்டிருப்பாகளே," என்றார் டிரைவர்.

"புடுங்கினவங்களே மாட்டுவாங்களாங்க?" என்றேன். இதை எழுதக் கூசுகிறது.

குழுச் செயலாளர் சர்வர் அறையைத் திறந்தார். எல்லா வயரும் நான் மாட்டிய இடத்திலேயே இருந்தன. பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. திரையையும் கீபோர்டையும் மாட்டிப் பார்த்ததும் புரிந்தது. திருட்டுக்குப் பயந்து, வெளியிலிருந்து சர்வருக்குள் வருவதற்கான வழக்கமான 22ஆம் எண் நுழைவை நான் முன்பே 2290க்கு மாற்றியிருந்தேன். பதிப்பு மாறும்போது 'உங்கள் அமைப்புக் கோப்பு இருக்கட்டுமா, புதியது போடட்டுமா' என்று கேட்டது. சரியாகப் படிக்காமல் புதியது என்று அழுத்தியவன் நான். நுழைவு 22க்குத் திரும்பிவிட்டது. நான் 2290ஐத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று. வயர் பிடுங்கப்பட்டிருந்தால் பதிலே வராது; காத்திருந்து நேரம்தான் கடக்கும். மறுப்பு வந்தால் சர்வர் வயரோடும் உயிரோடும் இருக்கிறது என்று பொருள். அவர் தொடவில்லை என்பதற்கான சாட்சி மூன்று நாளும் என் திரையிலேயே இருந்தது.

எண்ணை மாற்றி, என் போனிலிருந்து நுழைந்து பார்த்து, பட்டியலைத் திறந்தேன். இருபது நிமிட வேலை. ஜெபமணி வாசலிலேயே நின்றார். கையில் ஒரு நோட்டு. மூன்று நாளும் தொழிலாளர் வீடுகளுக்கு நடந்து, காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்து, யாருக்கு எது என்று எழுதி வந்திருந்தார்.

"உள்ள வாங்க சிஸ்டர்."

"வரக்கூடாதுன்னு சொல்லிருக்காகய்யா."

தவறு என்னுடையது என்று சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றார். அவ்வளவுதான்.

செயலாளர் சிரித்தார். "விடுங்க சார், சரியாப் போச்சுல்ல. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

விட மாட்டேன். பழி சொன்னவன் நான்தான். ஆனால் ஒரு வார்த்தை விசாரிக்காமல் சாவியைப் பறித்தவர்கள் குழுவினர்.

தொலைவிலிருந்து பதிப்பு மாற்றுகிறவர்கள் அமைப்புக் கோப்பை முதலில் நகலெடுங்கள். கேள்வியைப் படித்துவிட்டு அழுத்துங்கள். மாற்று நுழைவு ஒன்றைத் திறந்து வைத்துவிட்டே தொடங்குங்கள். மருத்துவமனைக் குழு சாவியை ஜெபமணியிடம் எல்லார் முன்னிலையிலும் திருப்பித் தர வேண்டும். செயலாளர் என் பழைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது. அதன் மேலேயே என் மறுப்புக் கடிதத்தை வைக்க வேண்டும். நான் அடுத்த குழுக் கூட்டத்துக்கு அதே 5.20 பஸ்ஸில் போய் அதை உரக்கப் படிக்க வேண்டும். பச்சை விளக்கு எரிகிறது என்று ஜெபமணி இனிச் சொன்னால், என் திரையை நான் இன்னொரு முறை படிக்க வேண்டும்.