முதல் சீட்டும் முன்வரிசை வீரனும்

ஒவ்வோர் ஓகஸ்டிலும், ஞாயிறு பூசை முடிந்ததும், லண்டன் மோர்டனில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் கூடி ஃபேன்டசி ஃபுட்போலுக்கு ஆட்களைப் பிரிப்போம்; அவரவர் எடுத்த நிஜ வீரர்கள் லீக்கில் அடிக்கும் கோலுக்கு அவரவருக்குப் புள்ளி. ஒரு வீரனை ஒருவர்தான் எடுக்கலாம். நாங்கள் எல்லோரும் ஆதரிக்கும் அணியின் முன்வரிசையில் அந்த வருடம் கோல் அடிக்கக்கூடியவன் ஒருவனே இருந்தான்; மற்ற இருவரும் பந்தைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள். இதை என் மனைவியின் தம்பிக்குக் கோடை முழுக்க விளக்கிய மடையன் நான்தான். சீட்டுக் குலுக்கியதில் முதல் இடம் அவனுக்கு விழுந்தது.

"அவனை நான் எடுக்கிறன், அத்தான்," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் மேலேயே குத்தினேன். அவன் முன்பல் உடைந்தது, என் சுண்டுவிரலும் உடைந்தது. நாலு பேர் சேர்ந்துதான் எங்களைப் பிரித்தார்கள்.

இரண்டு நாளில் அந்த வீரன் பயிற்சி ஆட்டத்தில் கால் முறிந்து விழுந்தான். கட்டுப்போட்ட கையோடு டிவி முன்னால் கைதட்டினேன்.

அடுத்த ஞாயிறு, பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், அவன் மூன்று வரிசை தாண்டி என்னிடம் வந்தான். கட்டுப்போட்ட கையையே பிடித்து எலும்பு நெரிய அழுத்தினான்.

"சமாதானம், அத்தான்."

என் கண்ணீரைக் கண்ட சுவாமியார், நான் மனந்திரும்பிவிட்டதாக நினைத்துத் தலையசைத்தார்.