ஜப்பானுக்குப் போன எங்கள் வீட்டுப் பொய்

கல்யாணமான புதிதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஒரு வேளை சோறு தின்ன வேண்டும். நகை கேட்கவில்லை, கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. இவ்வளவுதான் கேட்டேன், அதையும் மனசுக்குள்தான்.

பிறந்த வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள். அம்மா சட்டியை நடுவில் வைத்து உருட்டிப் போட, சோறும் வம்புமாகத் தின்று வளர்ந்தவள் நான். முதலியார்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சட்டமே வேறு. மில்லுச் சங்கு ஊதியதும் அவர் வருவார், சாப்பிடுவார். பிறகு அத்தை, அதாவது என் மாமியார். கடைசியாக நான், அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்தபடி, அவர் சாப்பிட்ட தட்டிலேயே. அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்பது எனக்கு மனப்பாடம்.

அந்தத் தட்டில் ஒரு ரகசியம் உண்டு. மீன் குழம்பு வைக்கும் நாளில் அத்தை மகனுக்கு இரண்டு நடுத்துண்டு போடுவாள். எனக்கு வால். அவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, இன்னொன்றைப் பிடிச் சோற்றுக்கு அடியில் புதைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. எட்டு மாதமாக இப்படியே போனது.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் கொடியை இறக்கிவிட்டுப் போய் நான்கைந்து வருஷம் இருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோன்வரை போய் வந்தவர் என்பதால் உலகமே தெரியும் என்பது அவர் நினைப்பு. அவர் ஒருநாள் ஓடிவந்து அத்தையிடம் சொன்னார்.

"அக்கா, கடற்கரையில ஒரு ஜப்பான்காரரப் பாத்தேன். கொஞ்சம் பிரெஞ்சு பேசறாரு. மில்லுத் தொழிலாளி வூட்ல தெனம் எப்படி சாப்புடறாங்கன்னு படம் புடிக்கணுமாம். நாளைக்கு இங்கதான் கூட்டியாரப் போறேன்."

"எங்க வூட்ல இன்னா தம்பி இருக்குது, படம் புடிக்க?" என்றாள் அத்தை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுக்கா. வெளிநாட்டுல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்துதான் சாப்புடுவாங்க. மருமக மட்டும் மூலையில திங்குதுன்னு படம் போச்சின்னா நம்ம மானம் கப்பலேறிடும்."

அத்தைக்கு மானம்தான் உயிர். என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஒரு நாளு ஒக்காரு. ஆனா பல்லக் காட்டாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டேன். அத்தை பெட்டிக்குள் இருந்த கம்மலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். என் கணவர் சட்டையோடு சாப்பிட உட்கார்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு மேசைகூட வந்து சேர்ந்தது. தினப்படி வாழ்க்கையைப் பார்க்க வருபவருக்கு நாங்கள் தீபாவளியைத் தயார் செய்து வைத்திருந்தோம்.

ஜப்பான்காரர் வந்தார். வாசலிலேயே பூட்சைக் கழற்றி, மூக்கு தெருவைப் பார்க்கும்படி ஒழுங்காகத் திருப்பி வைத்தார். அத்தை அசந்துபோனாள். "இத்தினி வருசம் நம்மள ஆண்டானே, எவனாவது பூட்ச கழட்டினானா?" என்றாள். அவர் இடுப்பு வளைந்து கும்பிட்டார். அத்தை கைகூப்பினாள். அவர் மறுபடி வளைந்தார். அத்தை விடுவாளா? இவள் கைகூப்ப, அவர் வளைய, குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் சொல்தாதான் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்.

மேசையைப் பார்த்ததும் ஜப்பான்காரர் வேண்டாமென்று கையசைத்தார். அவரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, வெளிச்சத்துக்காகத் தட்டுகளைக் கொல்லை வாசலுக்கு நகர்த்தச் சொன்னார். "கொல்லப்பக்கம் ஒக்காந்து எவன் திம்பான்?" என்று முணுமுணுத்தபடி அத்தை உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்து என் கணவர், அவருக்கு அடுத்து நான். எனக்கென்று ஒரு தனித்தட்டு, அதில் நடுத்துண்டு!

ஆசைப்பட்டது கிடைத்தால் பேச்சு வராது என்று அன்று தெரிந்தது. அவர் தோள் என் தோளில் படும் தூரத்தில் இருந்தது. எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. "காரமா?" என்று மட்டும் கேட்டேன். "இல்ல" என்றார். அதற்கே எனக்குச் சிரிப்பு பொங்கியது. அத்தையோ சோற்றில் கை வைக்காமல், இமை கொட்டாமல், கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சாப்பிட்டு முடித்தார். என் தட்டு நிறைந்திருக்கிறது என்பதையே மறந்து, பழக்கதோஷத்தில், சோற்றுக்கடியில் மீன் புதைத்த தன் தட்டை என் பக்கம் மெல்லத் தள்ளினார். கேமரா டிக்கென்றது. அத்தை எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மறுபடி அடுப்பங்கரை, மறுபடி அந்தச் சுவர். ஒரு நாளென்றால் ஒரே நாள்தான். ஒருமுறை ருசி காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டதில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த ஜப்பான்காரர் வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட அவரைத் திட்டினேன்.

ஐந்து மாதம் கழித்து ஜப்பானிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே எங்கள் படம், கூடவே பிரெஞ்சில் ஒரு கடிதம். சொல்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களுக்குப் படித்துச் சொன்னார்.

"எங்க வூட்ல அம்மாதான் எல்லாருக்கும் பின்னாடி, தனியா சாப்புடுவாங்க. ஒங்க வழக்கத்தப் பாத்து எனக்கு வெக்கமாயிடுச்சி. அம்மாகிட்ட இந்தப் படத்தக் காட்டினேன். இப்ப அவங்களும் எங்ககூட ஒக்கார்றாங்க. அந்தப் பெரியம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

அத்தை சொல்தாவைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்து போகாதது அதிசயம்.

"வெளிநாட்டுல எல்லாரும் ஒண்ணா ஒக்காருவாங்கன்னு நீதான சொன்ன?"

"நான் பாத்தது பிரெஞ்சுக்காரன அக்கா. ஜப்பானப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றபடி அவர் செருப்பைத் தேடினார்.

அவர் போனதும் அத்தை படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலில் தன் கம்மலைப் பார்த்தாள். பிறகு அவள் விரல் மகனின் கையிலேயே நின்றுவிட்டது. தள்ளுகிற தட்டு, சோற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீன் துண்டு, அதைப் பார்த்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற நான்.

"இன்னாடா இது?" என்றாள். அவர் தலை குனிந்துகொண்டார். மகனுக்கு வைத்ததைத் தின்றவள் என்று இன்று வீடு இரண்டாகப் போகிறது என்றே நினைத்தேன்.

அத்தை கத்தவில்லை. படத்தைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்: "ஒங்க மாமா இருவது வருசம் என் கையால தின்னாரு. தட்டுல எனக்கு முள்ளத் தவிர ஒண்ணும் வெச்சதில்ல."

பிறகு எழுந்து போய் மூன்று தட்டை எடுத்து வந்து, கொல்லை வாசலில் ணங்கென்று வைத்தாள்.

"ஒக்காருங்க ரெண்டு பேரும். ஜப்பான்ல எங்கியோ கெடக்கற ஒரு பொம்பள நம்மள நம்பி ஒக்காந்துட்டா. இனிமே அவள எழுப்ப முடியுமா?"

மூவரும் உட்கார்ந்தோம். அன்றும் மீன் குழம்புதான். அத்தை என் தட்டில் போட்ட நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முள்ளை நிதானமாக எடுத்துவிட்டு, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தின்றாள்.

"உப்பு பத்தல" என்றாள்.