எந்த சார்ஜரில் நிறுத்த?

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு வண்டி ஓடினால்தான் பிழைப்பு. மின்சாரக் கார் வாங்கிய நமக்கோ எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால்தான் பிழைப்பு. அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் எடுத்த முதல் ஆள் நான். என் மனைவியின் தம்பி அதே ஸ்டாண்டில் இன்னும் டீசல்தான் ஓட்டுகிறான். எனக்கு நிரந்தர வாடிக்கை திருச்சுழிப் பக்கத்து வேலுச்சாமி அண்ணாச்சி குடும்பம். சார்ஜ் போடுகிற இடத்தில் அவர்களைக் காக்க வைத்தால் மச்சினன் வண்டிக்குப் போய்விடுவார்களே என்ற பயம் எனக்கு எந்நேரமும் உண்டு. உங்களுக்கும் இதே கதிதானே, சகபாவிகளே?

ஐந்து செயலிகள்

கம்பெனிக்கு ஒரு சார்ஜர், சார்ஜருக்கு ஒரு செயலி. என் போனில் ஐந்து இருக்கின்றன. ஒன்று வேகமானது, ஆனால் எப்போதும் யாராவது முன்னால் நிற்பார்கள். இன்னொன்று எப்போதும் காலி, ஏனென்றால் பாதி நாள் வேலை செய்யாது. மூன்றாவது ஓடிபி கேட்கும். டவர் கிடைக்காத இடமாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் மதுரைச் சவாரிக்குக் கிளம்புமுன் ஐந்தையும் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். மச்சினன் எட்டிப் பார்த்தான். "எங்கக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இம்புட்டு யோசிக்கல மச்சான்."

பச்சைப் புள்ளி

அண்ணாச்சியின் மனைவி பாண்டியம்மாள் அக்காவை மதுரைக்குப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காரியாபட்டி தாண்டி ஒரு சார்ஜரைச் செயலி பச்சைப் புள்ளியாகக் காட்டியது. பச்சை என்றால் காலி என்று நம்பித் திருப்பினேன். கார் நிற்கவேண்டிய சிமெண்டுத் தளம் முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

காவல்காரர் விளக்குமாற்றோடு ஓடி வந்தார். "பத்து நாளா ஒரு வண்டியும் வரலண்ணே, தளம் சும்மாதான கெடக்குன்னு போட்டேன்" என்றார். அவர் கூட்டக் கூட்ட நெடி ஏறி மூன்று பேரும் தும்மினோம். டாக்டர் சொன்ன நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "மிளகா காயுதான்னும் அந்தப் போனுல காட்டச் சொல்லு தம்பி."

ரெண்டாவது பரோட்டா

சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு வாத்தியார். வேகமான சார்ஜருக்குப் போனால் முன்னால் ஒரு வெள்ளைக் கார், எண்பத்தொன்பது சதவீதம் ஏறியிருந்தது. ஆளைக் காணோம். நான் அங்குமிங்கும் நடந்தேன். வாத்தியார் பொறுக்காமல் பக்கத்து ஓட்டலுக்குள் நுழைந்து மேசை மேசையாக விசாரித்து, எச்சில் கையோடு ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். அந்த மனிதருக்குக் கோபமே வரவில்லை, வருத்தம்தான்: "நூறு ஆகட்டுமேன்னுதான் சார் ரெண்டாவது பரோட்டா சொன்னேன்."

கேதம்

மிளகாய்க் கூத்துக்குப் பிறகு அண்ணாச்சி என் மச்சினனின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். அது தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் உசிலம்பட்டிப் பக்கம் அண்ணாச்சியின் சொந்தத்தில் ஒரு சாவு. கேதத்துக்குக் குடும்பத்தோடு போக, மச்சினன் வேறு சவாரியில் இருந்ததால், என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பிசகக்கூடாது என்று ஐந்து செயலியையும் அலசி, திரும்பும் வழியில் இருப்பதிலேயே வேகமான சார்ஜரைக் குறித்துக்கொண்டேன்.

பதினெட்டு சதவீதத்தோடு அங்கே வந்து சேர்ந்தோம். அது ஒரு கல்யாண மண்டபத்தின் வளாகம். வாசலில் வாழைமரம், உள்ளே மேளச் சத்தம். "நிறுத்து! கேதத்துக்குப் போயிட்டு குளிக்காமக் கெடக்கோம், கல்யாணம் நடக்குற எடத்துக்குள்ள நொழையவா?" என்று பாண்டியம்மாள் அக்கா கத்தினார். சார்ஜரின் வேகத்தைப் பார்த்த நான், அது எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

அடுத்தது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கில். மெதுவான சார்ஜர் என்று நானே ஒதுக்கி வைத்தது. ஏசியை அணைத்துவிட்டு உச்சி வெயிலில் போனோம். ஆறு சதவீதத்தில் வண்டியை மாட்டினேன். ஒன்றரை மணி நேரம் என்று காட்டியது. வாடிக்கை போயே போச்சு என்று முடிவு கட்டினேன்.

பங்க்கின் பின்னால் லாரிக்காரர்கள் குளிக்கிற தொட்டியும் தகர மறைப்பும் இருந்தன. அண்ணாச்சி துண்டைக் கட்டிக்கொண்டு தலைக்கு ஊற்றினார். பெண்களும் மறைப்புக்குள் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். தலை காய்ந்தது. டீ, வடை ஆயிற்று. இறந்தவரைப் பற்றி நாலு கதை பேசி ஆளுக்கொரு தடவை அழுது முடித்தபோது வண்டியும் தயாராக இருந்தது.

அண்ணாச்சி தெளிந்த முகத்தோடு என் தோளைத் தட்டினார். "நல்ல காரியத்துக்கு ஒன் மச்சினன் வண்டியக் கூப்பிட்டுக்கிறோம் தம்பி, கேதத்துக்கு மட்டும் இனி ஒன் வண்டிதான், அதுல போனாத்தான் நிதானமா அழுதுட்டு வர முடியுது."

ஆகவே, சகபாவிகளே, இப்போதெல்லாம் சவாரி வந்தால் எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால், சந்தோஷத்துக்குப் போகிறீர்களா துக்கத்துக்கா என்று கேட்டுக்கொண்டுதான் நான் செயலியையே திறக்கிறேன்.